அக்ரிட் என்ற சொல்லுக்கு ஓர் எடுத்துக்காட்டு

துணைப் பதிப்பாசிரியை குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. பழி சுமந்தவர்கள் வேறெப்படி நிற்பார்கள் என்று எண்ணிக்கொண்டார் தலைமைப் பதிப்பாசிரியர்.

அவமானம் நேர்ந்து ஒரு மணி நேரம் ஆகியும் அவருடைய காது மடல்களில் வெப்பம் தணியவில்லை. ஆங்கில–தமிழ் அகராதியின் திருத்திய பதிப்புக்காகக் காலையில் கூடிய வாசிப்பில், பதினொருவர் நடுவே நேர்ந்தது அது.

அந்த அலுவலகத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சீட்டு உண்டு. புதிதாக எழுதியவற்றோடு, முதல் பதிப்பில் ஏறாமல் நின்றுபோனவையும் கலந்தே வரும். மெய்ப்புப் பார்ப்பவர் உரக்கப் படிக்க, தலைமைப் பதிப்பாசிரியர் கண்ணை மூடிக்கொண்டு செவியால் மட்டும் தீர்ப்புச் சொல்வார். எழுத்தைப் பார்த்தால் எழுதியவர் முகம் குறுக்கே வந்து நிற்கும் என்பது அவர் கொள்கை.

இன்று வந்த ஆங்கிலச் சொல் ‘அக்ரிட்’ (acrid). பொருளைத் துணைப் பதிப்பாசிரியைதான் விளக்கினாள்.

“கார்ப்புன்னு மட்டும் போட்டா மிளகும் உள்ள வந்துடும்ங்க ஐயா. மிளகை நாக்கு மறுபடி கேக்கும். இதைக் கேக்காது. ரப்பர் எரியிற புகை மாதிரி, காரமும் கசப்பும் ஒண்ணா வந்து தொண்டையைப் பிடிக்கும். ஒருத்தர் பேச்சுக்கும் சொல்லலாம்.”

“பலே. பேச்சுக்கு எடுத்துக்காட்டு என்ன?” என்றார், மூடிய கண்களைத் திறவாமலே.

அடிக்கு அடி நின்று பேசுவதால் ‘காற்புள்ளி’ என்று பெயர் வாங்கிய மெய்ப்புப் பார்ப்பவர், சீட்டின் ஓரத்தை இரண்டு விரலால் பூப்போலப் பிடித்துக்கொண்டு படித்தார்:

“தலைமைப் பதிப்பாசிரியரின் பேச்சில், அந்த நெடி உண்டு. அவர் அறையைவிட்டுப் போன பிறகே, நாங்கள் இருமுவோம்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. ஆனால் யாரோ ஒருவர் இருமினார். அடக்கப் பார்த்து முடியாமல் இன்னொருவரும் இருமினார்.

கண்ணைத் திறந்தபோது எல்லாத் தலைகளும் மேசையை நோக்கியிருந்தன. தாம் எத்தகையவர் என்பதை இத்தனை பேரும் அறிந்திருக்க, அறியாதவர் தாம் ஒருவரே என்று அவருக்குப் பட்டது. நடுச்சபையில் ஆடை நழுவியவர்போல் உடல் கூசிற்று. அந்தக் கூச்சம் வாய்க்கு வந்து சேர்வதற்குள் சினமாக மாறிவிட்டது.

“இந்தச் சொல்லுக்கு யாரு பொறுப்பு?”

“நான்தாங்க ஐயா. சீட்டை ஒரு தடவை நீங்களே பாத்துடுங்களேன்...”

“காது குளிரக் கேட்டாச்சு. கண் குளிரப் பாக்கவும் வேணுமா? வேலையை விடறேன்னு எழுதி எடுத்துக்கிட்டு என் அறைக்கு வா!”

மூன்றாண்டுத் தற்காலிகப் பணி அவளுக்கு நிரந்தரமாக வேண்டிய மாதம் அது. ஆயினும் எதிர்த்து ஒரு சொல் சொல்லாமல் எழுதிக்கொண்டு வந்து நின்றாள். வாங்கிப் படித்தார். திருத்துவதற்கு ஓர் எழுத்துப்பிழைகூட இல்லாதது அவர் எரிச்சலை மிகுவித்தது.

“இந்த நாற்காலியில எனக்கு முன்னாடி இருந்தவரு எதிர்ல நாங்க மூச்சுகூடச் சத்தமா விட்டதில்லம்மா. அவர் திட்டினாலும் ஆசீர்வாதம்னு வாங்கிக்குவோம். அப்படி ஒரு பக்தி!”

“தெரியும்ங்க ஐயா.”

“என்ன தெரியும் உனக்கு? எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டிருக்கலாமே. வாயைத் தச்சா வெச்சிருந்தாங்க?”

“எல்லார் முன்னாடியும் சொல்ல முடியலைங்க. அசிங்கமாப் போயிடும்.”

“யாருக்கு?”

அவர் பேனாவைத் திறந்தார். கடிதத்தின் அடியில் ‘ஏற்கப்பட்டது’ என்று எழுத வேண்டியதுதான் பாக்கி. கை எழ மறுத்தது. முப்பது ஆண்டுகளாக எவரிடமும் கேட்டிராத ஒன்றைக் கேட்கும்போது அவர் குரல் தேய்ந்தது.

“உண்மையைச் சொல்லும்மா. என் பேச்சு அவ்வளவு மோசமாவா இருக்கு?”

அப்போதுதான் அவள் நிமிர்ந்தாள். கண்கள் கலங்கியிருந்தன.

“அந்த வாக்கியம் உங்களைப் பத்தி இல்லைங்க ஐயா.”

“இந்த ஆபீஸ்ல நான் ஒருத்தன்தானே தலைமைப் பதிப்பாசிரியர்! பின்ன யாரைப் பத்தி?”

அவள் பார்வை அவர் தலைக்கு மேலே, சுவரில் மாட்டியிருந்த முந்தைய தலைமைப் பதிப்பாசிரியரின் படத்துக்குப் போய்த் திரும்பியது. காலையில் படிக்கப்பட்ட அந்தப் பழுத்த சீட்டைக் கையோடு கொண்டுவந்திருந்தாள்; அதை எழுத்து அவர் பக்கம் இருக்குமாறு திருப்பி, மேசைமேல் வைத்தாள்.

“முதல் பதிப்புக்கு நீங்க எழுதின சீட்டுங்க, ஐயா.”