சுமாராக வாசிப்பவர்

“இவர் வேண்டாம்மா. ரொம்ப நல்லா வாசிக்கிறார்” என்று சொல்லி ஹெட்போனைக் கழற்றினார் பெரியவர்.

கடைக்காரப் பெண் அவரை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். மேசைமேல் நான்கு சி.டி.க்கள் கிடந்தன. நான்கிலும் சொனாட்டா என்கிற அதே பியானோ உருப்படிதான். வாசித்தவர்கள்தான் வேறு வேறு.

முதல் ஆள் ரொம்பச் சுத்தம் என்று ஒதுக்கிவிட்டார். இரண்டாவது ஆளுக்கு இடது கை அளவுக்கு மீறிப் பதமாக இருந்ததாம். மூன்றாவது ஆள் வேகம். இப்போது நான்காமவரும் நன்றாக வாசித்த குற்றத்துக்காகத் தள்ளப்பட்டார்.

“சார், இவர் உலகம் பூரா கச்சேரி பண்றவர்.”

“தெரியுது. அதான் வேண்டாங்கறேன்.”

“உங்களுக்கு எப்படித்தான் சார் வேணும்?”

“மெதுவா வாசிக்கணும். இடது கை கொஞ்சம் பாரமா இருக்கணும். நடுவுல எங்கயாவது லேசாத் தடுமாறினா ரொம்ப நல்லது.”

பதினோரு வருஷமாக அவள் அந்தக் கடையில் இருக்கிறாள். தடுமாற்றம் வேண்டும் என்று கேட்டு யாரும் வந்ததில்லை. அடித்தட்டிலிருந்து இரண்டு சி.டி.க்களை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டு வந்தாள்.

“இது ரெண்டும் மேடையில பதிவு பண்ணினது. ஆறு வருஷமா யாரும் தொடல.”

பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முதல் சி.டி.யில் பாதி தாண்டியதும் இடது கை ஓரிடத்தில் சறுக்கி, சமாளித்துக்கொண்டது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“இவர்தான்.”

அடுத்ததையும் கேட்டார். இவரும் சறுக்கினார், ஆனால் வேறு இடத்தில். “இவரையும் சேர்த்துக் குடுங்க. தினமும் ஒரே எடத்துல தடுமாறினா சந்தேகம் வரும்” என்றார்.

யாருக்குச் சந்தேகம் வரும் என்று அவள் கேட்கவில்லை. பில் போட்டுக் கொடுத்தாள்.

பெரியவர் ஒரு பெரிய ஓட்டலின் வரவேற்புக் கூடத்தில் முப்பத்தொரு வருஷம் பியானோ வாசித்து ஓய்வு பெற்றவர். போன மாதம் அவர் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்துபோனது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது, தினமும் பத்து நிமிஷம் காலைத் தூக்கி இறக்காவிட்டால் நடை திரும்பாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

வலி பொறுக்காமல் அந்த அம்மாள் இரண்டு தடவை தூக்கிவிட்டு விட்டுவிடுவார். முன்னறையில் கணவர் இந்தச் சொனாட்டாவின் மெதுவான பகுதியை வாசித்தால் மட்டும், உள்ளறையில் கால் அதன் போக்குக்கு எழும்பி இறங்கும்.

இரண்டு வாரம் நன்றாகப் போனது. பிறகு ஒரு காலையில் அவருடைய வலது கையில் கடைசி இரண்டு விரல்கள் மடங்க மறுத்தன. நரம்புப் பிரச்சினை, மூன்று மாதம் பியானோ பக்கமே போகக் கூடாது என்றார் டாக்டர்.

அதை அவர் வீட்டில் சொல்லவில்லை. ஏற்கெனவே படுத்திருப்பவளுக்கு இது வேறா என்று நினைத்தார். பியானோவில் சுருதி இறங்கிவிட்டது, சரிபார்க்க ஆள் வர வேண்டும் என்று ஐந்து நாள் கடத்தினார். அந்த ஐந்து நாளும் உள்ளறையில் கால் அசையவில்லை. ஆறாம் நாள் காலையில்தான் கடைக்குக் கிளம்பினார்.

அன்று மாலை ஐந்து மணிக்கு ஸ்பீக்கரைப் பியானோவுக்குப் பின்னால் வைத்தார். மூடியைச் சத்தம் கேட்கும்படி திறந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு முதல் சி.டி.யை ஓடவிட்டு, இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, சரியான இடங்களில் மட்டும் இசைப் புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டினார்.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று அது கடைசி வரை நிற்கவில்லை.

“நல்லா இருந்துது” என்று குரல் வந்தது.

கல்யாணமாகி நாற்பது வருஷத்தில், அடுப்படியில் இருந்தபடியே அவர் வாசிப்பில் ஏதாவது ஒரு நொட்டை சொல்லாத நாள் கிடையாது. இன்று ஒன்றுமே இல்லை. சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறோம் என்று அவருக்குத் திருப்தியாக இருந்தது.

மறுநாள் இரண்டாவது சி.டி. செருமல், பக்கம் புரட்டல் எல்லாம் முறைப்படி நடந்தது. ஆனால் பாதியில் கட்டில் சத்தம் நின்றுவிட்டது. அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஸ்பீக்கர் தன் பாட்டுக்கு வாசித்து முடித்தது.

உள்ளே போனார். மனைவி தலையணையில் சாய்ந்து, துண்டால் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“என்ன, வலிக்குதா?”

“வலியெல்லாம் இல்லீங்க. இன்னைக்கு வேகம் ஜாஸ்தி. கால் கூடவே வரல.”

“சரி, நாளைக்கு நிதானமா வாசிக்கிறேன்.”

அந்த அம்மாள் துண்டை நாலாக மடித்துப் பக்கத்தில் வைத்தார்.

“நீங்க விரலைப் பார்த்துக்கோங்க. நேத்து வாசிச்சவரையே வரச் சொல்லுங்க.”