படலை மட்டும்

“நீ அவளுக்கு என்ன முறை?”

போன கிழமை ஆஸ்பத்திரியில் ஒரு தாதி கமலாட்சியிடம் கேட்ட கேள்வி அது. இன்றைக்கு, முள்ளியவளையில், விமலேஸ்வரியின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு யோகநாதன் அதே கேள்வியைக் கேட்டார்.

“கொள்ளி வைக்கிறதெண்டால் ஒரு முறை வேணும் பிள்ளை. நீ அவளுக்கு என்ன முறை?”

“ஒரு பங்கருக்குள்ளை இருந்தனாங்கள். பிறகு ஒரு தடுப்பு முகாமிலை இருந்தனாங்கள். பிறகு இந்த வீட்டிலை. முறைக்கு இது காணாதோ?”

யோகநாதன் மரண சகாய சங்கத் தலைவர், சண்டை முடிந்த பிறகு சுவிசிலிருந்து திரும்பி வந்தவர். பந்தலும் கதிரைகளும் பெட்டியும் அவர் சொல்லித்தான் வந்திருந்தன.

விமலேஸ்வரிக்குச் சொந்தமென்று யாரும் மிஞ்சவில்லை. சண்டைக் காலத்தில் முதுகில் பதிந்த செல் துண்டு இத்தனை வருடம் அவளோடு இருந்துவிட்டு இப்போதுதான் கொன்றது. முந்திப் போகிறவளுக்கு மற்றவள் கொள்ளி வைப்பதென்று இரண்டு பேரும் எப்போதோ பேசி முடித்திருந்தார்கள்.

“கொள்ளியை நானே வைக்கிறன்” என்றார் யோகநாதன். “சங்கத்துப் பொடியள் பெட்டியைத் தூக்குவாங்கள். பொம்பிளையள் வாசல் படலை மட்டும் வரலாம். அதுக்கங்காலை சுடலைக்கு வாறது வழக்கமில்லை.”

“இவள் மூச்சு விடேலாமல் கிடக்கேக்கை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக உங்கட வானைக் கேட்டனான். கோயில் சாமான் ஏத்தக் கிடக்கு எண்டியள். அது என்ன வழக்கம்?”

“செத்த வீட்டிலை சண்டை பிடிக்காதை.”

“செத்த வீடெண்டபடியால்தானே அண்ணை எங்கட முத்தத்துக்கு வந்திருக்கிறியள். இவள் உயிரோடை இருக்கேக்கை ஒழுங்கையிலை கண்டால் மற்றப் பக்கம் பாத்துக்கொண்டெல்லோ போனனீங்கள்.”

பின்னால் நின்ற பெண்களில் யாரோ ஒருத்தி சிரிப்பை அடக்கினாள். யோகநாதனின் முகம் கறுத்தது. சண்டைக்கு வேறு ஏதும் கிடைக்காதா என்று தேடியவரின் கண், பெட்டியின் தலைமாட்டில் வைத்திருந்த படத்தில் போய் நின்றது.

“இதார் பொடியன்? செத்தவளின்ரை படத்தை வையாமல் ஆற்றையோ படத்தைக் கொண்டந்து வைச்சிருக்கிறாய்?”

“அதுதான் விமலா.”

அவர் குனிந்து பார்த்தார். கழுத்தோடு வெட்டி எடுத்த படம். காதுக்கு மேலே கட்டையாக வெட்டிய தலைமயிர், சேட்டுக் கொலர், வாய் நிறையச் சிரிப்பு.

“முதல் இந்த இயக்கப் படத்தை எடுத்து உள்ளை வை. ஆமிக்காரங்கள் கண்டால் நாளைக்கு என்னைத்தான் கூப்பிட்டு விசாரிப்பாங்கள். சீலையோடை ஒண்டும் இல்லையோ?”

“அடையாள அட்டையிலை இருக்கு. அதிலை அவள் சிரிக்கேல்லை.”

சங்கத்துக்காரர் வந்து பெட்டியைச் சுற்றி நின்றார்கள். முன்பக்கக் கைப்பிடியை அவர்களுக்கு முந்தியே கமலாட்சி பிடித்துவிட்டாள்.

“அண்ணை, அக்காவும் ஒரு பக்கம் பிடிக்கட்டுமே” என்றான் அவர்களில் ஒருவனான சுகிர்தன்.

“நீ வாயைப் பொத்து. கமலாட்சி, கையை எடு!”

“எடுக்க மாட்டன்.”

யோகநாதன் தானும் பெட்டியில் கையை வைத்துக்கொண்டு சனத்தைப் பார்த்தார். அவர் சொல்லப் போகும் கதை ஊருக்குப் பழசு. ஒவ்வொரு செத்த வீட்டிலும் சொல்லுவார். கமலாட்சிக்கும் விமலேஸ்வரிக்கும் மட்டும் தெரியாது. நல்லது கெட்டதுக்கு யாரும் அவர்களை அழைத்ததில்லை.

“இது ஆம்பிளையளின்ரை வேலை! என்ரை அம்மா மாத்தளன் மணலிலை செத்தவ. நான் சுவிசிலை. சொந்தக்காரரே விட்டிட்டு ஓடிட்டினம். ஆரோ ரெண்டு பொடியள், செல் விழ விழ நிண்டு குழி வெட்டி அவவைத் தாட்டவங்கள். பக்கத்துப் பங்கர்ச் சனம் கண்ணாலை கண்டது. ஒரு பொம்பிளை அப்பிடி நிப்பாளோ? அந்தப் பொடியள் இப்ப வந்தால் இந்த முத்தத்திலையே காலிலை விழுவன்!”

கமலாட்சி அவரை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் காண்பதுபோலப் பார்த்தாள். கைப்பிடியை மட்டும் விடவில்லை.

“உங்கட அம்மா உங்களைப் பொன்னன் எண்டோ கூப்பிடுறவ?”

யோகநாதன் சட்டென்று அவள் பக்கம் திரும்பினார். அது தாயோடு போன பெயர். இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

“உனக்கு ஆர் சொன்னது?”

“அவதான். ‘தம்பிமாரே, என்ரை பொன்னன் வந்தால் இடத்தைக் காட்டுங்கோ’ எண்டு சொல்லிப்போட்டுத்தான் கண்ணை மூடினவ. விமலா குழி வெட்டினவள். நான் மண் தள்ளினனான். நாங்கள் தம்பிமார் இல்லை எண்டு சொல்ல நேரம் இருக்கேல்லை.”

கமலாட்சி மற்றக் கையையும் கைப்பிடியில் வைத்தாள்.

“காலிலை விழ வேண்டாம் அண்ணை. கையை எடுங்கோ.”

யோகநாதன் கையை எடுத்தார். படத்திலிருந்த கட்டை மயிரையும் சிரிப்பையும் இன்னொரு தரம் பார்த்தார். பிறகு சனத்தை விலக்கிக்கொண்டு நடந்து, படலையை அகலத் திறந்து வைத்துவிட்டுப் போனார்.