நர்ஸுக்கு வராத ‘கெட்’

“‘கெட் ஓவர்’னா என்னன்னு நேத்துதானே சொன்னேன்? மறுபடியும் முழிக்கிறியே!”

உருளைக்கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டிருந்த நர்ஸ் கத்தியைக் கீழே வைத்தாள். “மேல ஏறித் தாண்டிப் போறதுங்க.”

“சுவரேறிக் குதிக்கிறவன்தான் அப்படிச் சொல்வான். ஒரு துக்கம், ஒரு காய்ச்சல், அதுலேருந்து மீண்டு வர்றதுதான் ‘கெட் ஓவர்’. நர்ஸா இருந்துக்கிட்டு இதுகூடத் தெரியலையா?”

“தெரிஞ்சா உங்களை ஏங்க கேட்கப்போறேன்?”

அந்தப் பதில் அவள் கணவருக்கு இனித்தது. அவர் ஏ.சி. மெக்கானிக். மனைவி தம்மைவிட அதிகம் படித்தவள் என்ற உண்மையைக் கல்யாணமான நாள்முதல் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொண்டு வருபவர்.

வெளிநாட்டு மருத்துவமனை ஒன்று அவளை வேலைக்கு அழைத்திருந்தது. ஆங்கிலப் பேச்சுத் தேர்வு ஒன்றுதான் குறுக்கே நின்றது. அதில் தவறினால், குடும்பமாகப் போகும் கனவு அவ்வளவுதான் என்று அவளே சொல்லியிருந்தாள். தேர்வுக்கான புத்தகத்திலோ ‘கெட்’ என்ற ஒரே வினைச்சொல், பின்னால் ஒரு குட்டிச் சொல்லை ஒட்டிக்கொள்ளும்போதெல்லாம் குணம் மாறி, பக்கம் பக்கமாக மனிதரை மிரட்டிக்கொண்டிருந்தது. “இது மட்டும் என் மண்டையில ஏறவே மாட்டேங்குது” என்று அவள் கண்ணைக் கசக்கிய அன்றுதான் மெக்கானிக் முதன்முதலாக அந்தப் புத்தகத்தைத் திறந்து பார்த்தார்.

அன்றிலிருந்து வீட்டில் அவர் ஆசிரியரானார். ஏணிமேல் நின்று ஏ.சி.யின் வெளிப் பெட்டியைக் கழுவும்போதும் அவருடைய உதடுகள் முணுமுணுத்தன. மாலையில் அவளை மடக்க வேண்டுமானால், மதியமே தாம் படித்து வைத்திருக்க வேண்டும் அல்லவா?

“ஒரே சொல்லு எப்படிங்க இத்தனை வேஷம் போடுது?”

“ஏன், நம்ம ‘பிடி’ போடலையா? பஸ் பிடிக்கிறோம். சளி பிடிக்குது. உன் தம்பி அவன் முதலாளியைக் காக்கா பிடிக்கிறான். எந்தக் காக்காவை எவன் கையால பிடிச்சான்?”

“என் தம்பியை இழுக்காம உங்களுக்குப் பாடமே நடத்த வராதா?”

“உதாரணம்னா கண்ணெதிரே இருக்கணும். சரி, ‘கெட் அலாங்’னா ஒருத்தரோட ஒத்துப்போறது. அதை வெச்சு ஒண்ணு சொல்லு, பார்ப்போம்.”

“ஐ கெட் அலாங் மை ஹஸ்பெண்ட்.”

“நடுவுல ‘வித்’ எங்கே போச்சு? அதை விட்டுட்டா உன் ஹஸ்பெண்ட் தெருவுலதான் நிக்கணும்.”

“நீங்களே கொஞ்ச நேரம் பேசிக் காட்டுங்களேன். காதால கேட்டாத்தான் எனக்கு ஏறும்.”

மெக்கானிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். தம் வேலை, வீடு, வாடிக்கையாளர்களின் கஞ்சத்தனம் என்று ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினார். “இங்க ஏதோ இடிக்குதே” என்று அவள் இழுத்த இடங்களிலெல்லாம் புத்தகத்தைப் புரட்டித் தம்மையே திருத்திக்கொண்டார். பெரிய ஆசிரியர்களுக்கும் நாக்குச் சறுக்கும் என்று அவளுக்கு விளக்கமும் தந்தார்.

மைத்துனன் தொலைபேசியில் விசாரித்தான். “அக்கா எப்படிப் படிக்கிறா, மச்சான்?”

“உங்க அக்கா மூளை ஃப்ரீசர்ல இருக்குப்பா. உருகட்டும்னு நான் பக்கத்துலேயே உட்கார்ந்திருக்கேன்.”

“நீங்க மட்டும் இல்லேன்னா அவ கதி என்ன ஆகும், மச்சான்!” என்று சொல்லிவிட்டு, அவன் தேவைக்கு மேலேயே சிரித்தான். காக்கா பிடிப்பது அவனுக்குப் பிறவிக் குணம் என்று மெக்கானிக் எண்ணிக்கொண்டார்.

தேர்வன்று, கூடத்தின் கண்ணாடிக் கதவுவரை பாடம் நீண்டது.

“முழிக்காதே. தெரிஞ்சதைத் தைரியமாப் பேசு. நீ கோட்டை விட்டா என் உழைப்பெல்லாம் தண்டம், ஞாபகம் வெச்சுக்கோ.”

“சரிங்க. உங்க அடையாள அட்டையையும் கையில எடுத்துக்கோங்க. கேட்பாங்களாம்.”

மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. அட்டைகளை வாங்கிப் பார்த்தாள், கணினியைத் தட்டினாள். நர்ஸுக்குச் சுவரோர நாற்காலியைக் காட்டிவிட்டு, மெக்கானிக்கை உள்ளே போகச் சொன்னாள்.

மெக்கானிக் கொதித்துப்போனார். தேர்வுக்கு வந்தது நான் அல்ல, என் மனைவி. ஆளை மாற்றி அனுப்புகிறீர்கள். உங்கள் அசட்டையால் ஒரு குடும்பத்தின் பயணமே பாழாகப் போகிறது என்று மூச்சுவிடாமல் வாதாடினார். அத்தனையும் ஆங்கிலத்தில். ‘கெட்’ தன் குட்டிச் சொற்கள் புடைசூழ, ஓரிடத்திலும் தடுக்காமல் வந்து விழுந்தது.

அதிகாரி முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினாள். அதில் இருந்தது அவருடைய படம். அடியில் அவருடைய பெயர்.

“என்ன கூத்து இது?” என்று மனைவியிடம் திரும்பினார்.

“கூட வர்ற புருஷனும் இதுல தேறினாத்தான் நாம குடும்பமாப் போக முடியும்,” என்றாள் நர்ஸ், அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்தபடி. “நான் போன வருஷமே பாஸுங்க. என்கிட்ட படிங்கன்னா நீங்க படிக்கவா போறீங்க? என்னைத் திட்டலாம்னாத்தானே புத்தகத்தையே தொடுவீங்க!”