சமத்துப் பாப்பா

நூறு வருடத்துக்கு முன்பே செத்துப்போன ஒரு சின்ன ஊர்ப் புகைப்படக்காரரின் கதையைத் தேடி நாய்படாத பாடுபட்ட ஆராய்ச்சிக்காரி, கடைசியில் அவருடைய தம்பி வழிக் கொள்ளுப்பேரனைப் பிடித்துவிட்டாள். அவர் தையல்காரர். பேத்திக்குச் சட்டை அளவெடுத்துக்கொண்டிருந்தார்.

“ஆடாதடி! அந்தப் பாப்பா மாதிரி அசையாம நில்லு.”

சுவரில் பழைய படம். புகைப்படக்காரர், மனைவி, மடியில் குழந்தை.

“ஊருக்கெல்லாம் படம் எடுத்தவர் சொந்த வீட்டுப் படத்துல கோட்டை விட்டுட்டார்” என்று தையல்காரர் சிரித்தார். “கேமரா மூடியைத் திறந்துட்டு ஓடிவந்து உட்காந்தாராம். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் முகமும் கலைஞ்சுபோச்சு. பாப்பாதான் சமத்து, இமை முடிகூடத் தெரியுது. அந்த ரோஷத்துல கடையையே மூடிட்டாராம்.”

ஆராய்ச்சிக்காரி படத்தை உற்றுப் பார்த்தாள்.

“ஐயா, அப்பல்லாம் படம் பதியற வரைக்கும் ஆடாம அசையாம இருக்கணும். அவர் எடுத்த குழந்தைங்க படம் நிறைய என்கிட்ட இருக்கு. ஒண்ணுல கூட முகம் தெளிவா இல்ல. குழந்தை எங்க சும்மா இருக்கும்?”

“இது இருந்திருக்கே!”

“ஆமா. பெத்தவங்களாலதான் முடியல. அவங்க தோளைப் பாருங்க, அழுகையில குலுங்கியிருக்கு.”

தையல்காரர் படத்தின் அருகே போய் அந்தத் தோள்களைப் பார்த்தார். பிறகு டேப்பை எடுத்துக்கொண்டு பேத்தியிடம் வந்தார்.

“தாத்தா, நான் அசையவே இல்ல பாரு! அந்தப் பாப்பா மாதிரியே!”

“வேணாம் கண்ணு” என்றார். “நீ ஆடு. நல்லா ஆடு.”