வண்டியில் வந்த பிறந்த வீடு

ரயில் இன்னும் எட்டிப் பார்க்காத, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலச் சிற்றூர் ஒன்றின் சந்தைத் திடலில் அன்று கிழவர் எஸ்ரா ஹோல்கம் இருந்தார். ஆளுநர் தேர்தலுக்கு நிற்கும் அவர் மகன் லூக்கஸ் இருந்தான். கட்சிக்காரர் பைக் என்பவர் இருந்தார். மற்றபடி ஊரே இருந்தது. நடுவில், மாட்டுவண்டியின் மேல், ஒரு மரக்குடிசை.

"உங்க மகன் இதுலதான் பொறந்தாருன்னு சொல்லப்போறோம் பெரியவரே. கோட்டைக் கழட்டிட்டு வந்து வாசல்ல உக்காருங்க, போதும்," என்றார் பைக்.

"இவன் பொறந்தது செங்கல் வீட்டுல. அந்தக் கல்லைச் சுட்டதே நான்தான்."

"செங்கல் வீட்டுக்காரனுக்கு எவன் ஓட்டுப் போடுவான்? எதிராளி மாட்டுக் கொட்டகையிலயே பொறந்தேங்கிறான்!"

அதற்குள் லூக்கஸ் வண்டியில் ஏறி, குள்ளமான வாசலில் தலை குனிந்து உள்ளே நுழைந்துவிட்டான். கூட்டம் கைதட்டியது. பண்ணைக் கூலியாக எத்தனையோ தாழ்ந்த வாசல்களில் குனிந்து நுழைந்தவர் எஸ்ரா. அதனாலேயே தம் வீட்டு வாசல் நிலையை ஊரிலேயே உயரமாக வைத்தார்.

கோட்டுப் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, கைத்தடியை ஊன்றி வண்டியருகே போய் நின்றார்.

"லூக்கஸ்! உங்கப்பன் உனக்குக் குனியற வாசல் வைக்கலடா. வெளிய வா."

கைதட்டல் நின்றது. சற்று நேரத்தில் லூக்கஸ் வெளியே வந்தான், நெற்றியில் ரத்தத்தோடு.

அப்பன் கைத்தடியால் அடித்து மகன் மண்டையை உடைத்துவிட்டார் என்று மாநிலம் முழுக்கப் பேச்சு. எஸ்ரா அடிக்கவில்லை. மகன் குனியாமல் வந்தான்; நிலை இடித்தது.