நிற்காத செயலி

நான் இருக்கும் இடத்தை அண்ணனுக்குக் காட்டும் செயலி அடிக்கடி நின்றுவிடும்.

“இன்னொரு தடவை நின்னுச்சுன்னா உன் மாலைக் கணினி வகுப்பும் நின்னுடும்!” என்றான்.

இருவர் கைபேசியிலும் பேட்டரி சேமிப்பை அணைத்து, செயலியைப் பின்னணியில் ஓட அனுமதித்தேன். சந்தேகம் தீராமல் மூன்று முறை சோதித்தேன். பிறகு பத்து நாளாக அது நிற்கவேயில்லை.

இன்று வாசலிலேயே மறித்தான். “வகுப்பு முடிஞ்சு இருபது நிமிஷம் எங்கேடி போனே?”

“நூலகத்துக்கு. நீ ஏண்ணா பத்து நாளா ஆபீஸ் நேரத்துல பூங்காவுலயே இருக்கே?”

அவன் முகம் வெளுத்தது. “உனக்கு எப்படித் தெரியும்?”

“இந்த ஆப் ரெண்டு பேரையும்தான் காட்டுது. வேலை போயிடுச்சா?”

தலை குனிந்தான்.

“நான் வகுப்பை நிறுத்த மாட்டேன். முடிஞ்சா நாளைக்கு நீயும் வந்து சேரு.”