அவசர நிறுத்தம்

கம்ப்ரசர் மறுபடியும் நின்றது. திரையில் அதே எரர் கோடு: அவசர நிறுத்தம்.

சிவப்புப் பொத்தான் அழுந்தாமல் வெளியேதான் இருந்தது. யாரும் அழுத்தவில்லை என்றால் உள்ளே ஒயர் விட்டிருக்க வேண்டும். மெக்கானிக் நான், ஒயரையெல்லாம் காலையிலேயே அவிழ்த்து முடுக்கி மாட்டியாயிற்று.

காற்று இல்லாமல் உளுந்து பிரிக்கும் மெஷின் ஓடாது. வாசலில் சேலம் போகிற லாரி காத்திருந்தது. ஆலை முதலாளி மஜீத் பாய் என் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

"எவன்னா கை வெக்கிறானா பாரு தமிழு. மாட்டினா இன்னிக்கே வூட்டுக்கு அனுப்பிடுவேன். ஒயருதான்னா நாளைலேர்ந்து நீ வராத."

சொல்லிவிட்டு முன்வாசல் மேசைக்குப் போனார்.

கம்ப்ரசரை ஓட்டிவிட்டு, அதன் காற்றுத் தொட்டிக்குப் பின்னால் குந்தினேன். இரைச்சலில் காது அடைத்தது.

உளுந்து பொறுக்கும் அம்சவள்ளி சொம்போடு வந்தாள். மலைமேல் இருக்கும் கரியாலூரிலிருந்து பிழைக்க இறங்கி வந்தவள், ஆள் துணை கிடையாது. தண்ணீர்க் குடம் இந்த அறையில்தான் இருக்கிறது.

மொண்டாள். குடிக்கவில்லை. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சிவப்புப் பொத்தானை ஓங்கி அழுத்தினாள்.

ஆலையே வாயை மூடிக்கொண்டது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பிழைப்பில் மண்ணைப் போட்டது இவள்தானா?

எழுந்து நின்றேன். அவள் என்னைக் கவனிக்கவே இல்லை. பின்சுவரில் காதை ஒட்டிக் கண்ணை மூடியிருந்தாள்.

அந்தச் சுவருக்கு வெளியே வேப்பமரத்தில் ஒரு தூளி தொங்கியதை வரும்போது பார்த்திருந்தேன். ஆலைக்குள் குழந்தையை விடமாட்டார்கள். சுற்றிப் போய்ப் பார்க்க வேண்டுமென்றால் பாயின் மேசையைத் தாண்ட வேண்டும்.

மெல்ல ஒரு சிணுங்கல் கேட்டது. அவள் மூச்சு விட்டாள். பொத்தானைத் திருகி வெளியே எடுத்துவிட்டுத் திரும்பினாள். என்னைக் கண்டதும் சொம்பு கீழே விழுந்தது.

"சொல்லிடாதண்ணா. போன வருஷம் பெரியவனுக்குத் தூளி கழுத்துல சுத்திக்கிச்சி. கத்திக்கினே இருந்தானாம். இந்தச் சத்தத்துல எனக்குக் கேக்கலண்ணா."



வாசல் பக்கம் பாயின் செருப்புச் சத்தம் நெருங்கியது. அவசரமாக ரீசெட்டை அழுத்தித் திரையில் இருந்த எழுத்தை அழித்தேன்.

"இன்னா கோடு?"

"இப்ப வேற கோடு பாய். சூடு ஜாஸ்தி. ரூம்ல காத்தோட்டமே இல்ல. இந்தப் பின்சுவத்துல ஜன்னல் வெக்காத வரைக்கும் நின்னுக்கினேதான் இருக்கும்."

பாய் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். நான் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

முனகியபடி கொத்தனாருக்குப் போன் போட்டார். சாயங்காலத்துக்குள் சுவரை உடைத்துத் தருவதாக அவன் ஒத்துக்கொண்டான். எந்த உயரத்தில் ஜன்னல் வேண்டும் என்று என்னிடம் கேட்டார் பாய்.

அம்சவள்ளி குனிந்து சொம்பை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

அவள் கண் இருந்த உயரத்தில், சாக்பீஸால் சுவரில் குறி வைத்தேன்.